மாணவர் சந்தாவா, ஸ்கேன் மேசையா?

நரைத்துப்போன அமெரிக்க ரயில் வரலாற்றுச் சங்கங்கள் இளையவர்களைச் சேர்க்க முதலில் எடுப்பது மாணவர் சந்தா. கட்டணத்தைப் பாதியாக்கி, இதழை மின்வடிவில் அனுப்பினால் முடிந்தது. வந்தவருக்கு வேலை தராவிட்டால் மறுவருடம் புதுப்பிக்க மாட்டார்.

இன்னொரு வழி ஸ்கேன் மேசை: பழைய ரயில் ஸ்லைடுகளை (ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ஃபிலிம் படங்கள்) சேர்ந்து உட்கார்ந்து கணினியில் ஏற்றுவது. இதற்கு உழைப்பு கூடுதல், பலனும்தான். மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர். 35 மி.மீ. ஸ்லைடைத் தூசி ஊதி, 4000 டிபிஐயில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) எடுத்தால் சுமார் 2 கோடி பிக்சல். கோடக்குரோம் (கோடக்கின் பழைய வண்ண ஸ்லைடு ஃபிலிம்) என்றால், தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டு அழிக்கும் ஸ்கேனர் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பல ஸ்கேனர்களில் படத்திலுள்ள விளிம்புகள் சிதையும். எஞ்சின் எண், இடம், தேதியை மூத்தவர் சொல்லச்சொல்ல அங்கேயே கோப்பில் ஏற்றுங்கள். 'அப்புறம் எழுதலாம்' என்று விட்டால், ஸ்லைடின் அட்டைச் சட்டத்துப் பென்சில் குறிப்பு படத்தில் வராது. சொல்ல ஆளும் இருக்காது.

1935இல் பிறந்த நேஷனல் ரயில்வே ஹிஸ்டாரிக்கல் சொசைட்டியின் ரயில்கேம்ப் என்ற முகாமும் பதின்வயதினருக்குச் செய்முறை வேலையைத்தான் கொடுக்கிறது.