பூச்சியத்துக்குக் கீழே இறங்காத திரை: ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

குளச்சல் பக்கம் சிறிய ஐஸ் பிளான்ட் ஒன்று நடத்துகிறேன். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் பராமரிப்பு வேலைகளை அந்த இரண்டு மாதங்களில்தான் வைத்துக்கொள்வோம். அப்படித்தான், மூன்று உப்புநீர்த் தொட்டிகளின் வெப்பநிலையையும் அலுவலகக் கணினியிலேயே பார்க்கும்படி மோட்பஸ் (கருவிகளும் கணினியும் கேபிள் வழியே பேசிக்கொள்ளும் முறை) இணைப்பு போட, நம் மாவட்டத்து நிறுவனம் ஒன்றிடம் வேலையைக் கொடுத்தேன்.

மூன்றாவது தொட்டி தொடக்கத்திலேயே திரையில் வரவில்லை. உப்புக்காற்றில் கேபிள் அரித்துவிட்டது என்று சொல்லி, வந்திருந்த டெக்னீஷியன் 40 மீட்டர் புதுக் கேபிள் இழுத்து 3,200 ரூபாய் வாங்கினார். அதன் பிறகும் வரவில்லை. மற்ற இரண்டும் 28.4 என்று சரியாகக் காட்டியதால் மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். பிளான்ட் ஓடாமல் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடந்த நாளில் சோதனையை ஒப்புக்கொண்டது என் தவறுதான்.

ஜூலைக் கடைசியில் கம்ப்ரஸரை ஓட்டிவிட்டு இரவு திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். 0.2, 0.1, 0.0 என்று இறங்கிய எண், அடுத்த நொடியில் 6553.5 என்று ஏறியது. விடியும்போது 6543.6. தொட்டி அருகிலிருக்கும் கருவியிலோ மைனஸ் 10.0 என்றே இருந்தது. சென்சாருக்குள் உப்புநீர் புகுந்துவிட்டது என்று இரண்டு சென்சார்களை மாற்றி 7,500 ரூபாய் வாங்கிய அந்த டெக்னீஷியன், அதே எண் மறுபடி வந்ததும், கருவிகளையே மாற்ற 21,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் நீட்டினார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகள் வந்து பார்த்துவிட்டு, "மாமா, சென்சாருக்கு ஒண்ணும் இல்ல, கணக்குதான் தப்பு" என்றாள். கருவி வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி, 16 பிட் எண்ணாக, அதாவது பதினாறு 0, 1 இலக்கங்களாக அனுப்புகிறது. மைனஸ் 100 என்பது அதில் ஹெக்ஸாடெசிமலில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) FF9C. குறி உள்ள எண்ணாக (மைனஸும் வரலாம் என்று) வாசித்தால் மைனஸ் 10.0 கிடைக்கும், குறியற்ற எண்ணாக (மைனஸே கிடையாது என்று) வாசித்தால் அதே FF9C 65436 ஆகி, திரையில் 6543.6 என்று வரும். கணினியில் ஒரே ஒரு தேர்வை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கான கடவுச்சொல்லைத் தர நிறுவனத்தார் மூன்று நாள் இழுத்தடித்தார்கள். பணம் கொடுக்கும் முன்பே அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தொட்டியின் கதை இன்னும் கேவலம். கணினி கூப்பிட ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு; அதை வைக்கும் டிப் சுவிட்சுகள் என்ற குட்டி சுவிட்சுகளின் மதிப்பு 1, 2, 4, 8 என இரட்டித்துப் போகும். மூன்று வேண்டுமானால் முதலிரண்டையும் ஏற்ற வேண்டும். அவர் மூன்றாவது சுவிட்சை மட்டும் ஏற்றியிருந்தார். கணினி 3 என்று கூப்பிட, கருவி 4 என்ற பெயரோடு பேசாமல் இருந்திருக்கிறது. சுவிட்சுகளைத் திருத்தி, மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் திரையில் வந்துவிட்டது.

கெட்டுப்போனதாகக் கழற்றிய பழைய சென்சாரில் ஒன்றை முதல் தொட்டியில் திரும்ப மாட்டினோம். இந்த நிமிடம் மைனஸ் 9.8 காட்டுகிறது. 10,700 ரூபாயைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.