பவர் ஸ்டீயரிங் ஹோஸ்: ரிக் வண்டிக் கடையில் செய்து போட்டு 31,000 கிலோமீட்டர்

என்னுடையது 2007 மாடல் டீசல் செடான். அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. ஈரோட்டில்தான் ஓட்டம், மாதம் ஒருமுறை கோவை போய் வருவேன். 1,84,000 கிலோமீட்டர் ஆனபோது பவர் ஸ்டீயரிங் ஆயில் குறைய ஆரம்பித்தது. முதலில் காட்டிக்கொடுத்தது சத்தம்தான். காலையில் ரிவர்ஸ் எடுத்து ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் பானட்டுக்குள் மாடு முனகுவது போலக் கேட்கும். ஸ்டீயரிங் ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தால் ஆயில் மினிமம் கோட்டுக்குக் கீழே இருந்தது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காபி டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது.

நான்கு மாதம் வெறுமனே ஊற்றி ஊற்றி ஓட்டினேன். அதை யாரும் செய்ய வேண்டாம். பம்புக்குத் தனியாக மசகு கிடையாது, அந்த ஆயில்தான் மசகு. ஆயில் காய்ந்தால் பம்பும் போய்விடும். கசிவது சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

காட்டிய முதல் ஒர்க்‌ஷாப்பில், கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) போச்சு, 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். ரேக் நனைந்திருந்தது உண்மைதான். ஆனால் எண்ணெய் மேலிருந்து கீழே இறங்கும். நனைந்த இடமே கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷும் டீசலும் வைத்து அந்தப் பகுதி முழுவதையும் கழுவி, துணியால் காயத் துடைத்தேன். ஒவ்வொரு மூட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றினேன். என்ஜினை ஸ்டார்ட் செய்து மகனை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு தள்ளி நின்று பார்த்தேன். வலது கோடிக்குப் போனபோது, பம்பிலிருந்து ரேக்குக்கு ஆயிலை அழுத்தத்தோடு கொண்டுபோகும் பிரஷர் ஹோஸில் ரப்பரும் இரும்புக் காலரும் சேரும் இடத்தில் கடுகளவு ஒரு முத்து கிளம்பியது. அது பெரிதாகி, பைப் வழியே ஊர்ந்து, ரேக் மேல் சொட்டியது. ரேக்கைச் சுற்றியிருந்த பேப்பர் அதுவரை காய்ந்தேதான் இருந்தது.

நேராக ஓடும்போது அந்த ஹோஸில் பெரிய அழுத்தம் இருக்காது. முழுசாக ஒடித்துப் பிடித்தால் 70, 80 பார் வரைகூட ஏறும், அதாவது 1,000 பிஎஸ்ஐக்கு மேல். கார் டயரில் நாம் அடிப்பது 32. பல வருடம் என்ஜின் சூட்டில் கிடந்து இறுகிய ரப்பர், காலருக்குள் பிடிமானத்தை விட்டுவிடுகிறது. கிளிப் போட்டு இறுக்குவது, எம்-சீல் பூசுவது எல்லாம் இந்த அழுத்தத்துக்கு முன் நிற்காது.

ஒரிஜினல் ஹோஸ் 9,800 ரூபாய், வர ஒன்றரை மாதம் ஆகும் என்றார்கள். நான் திருச்செங்கோடு போனேன். ஊர் முழுக்க போர்வெல் ரிக் வண்டிகள், ரிக் என்றால் ஹைட்ராலிக் ஹோஸ். பழையதை அறுக்காமல், இரண்டு முனை இரும்புப் பைப்போடு அப்படியே கழற்றிக் கொண்டுபோனேன். கடைக்காரர் பார்த்ததும், “முழுசா கொண்டு வந்தீங்களே, அதுவே பாதி வேலைங்க. முனை திரும்பியிருக்கிற கோணம் மாறுச்சுன்னா ஹோஸ் முறுக்கிக்கும், ஆறு மாசம் தாங்காதுங்க” என்றார். சாக்பீஸால் முனைக்கு முனை ஒரே கோடு இழுத்து, அதே நீளத்தில் இரட்டைக் கம்பிப் பின்னல் போட்ட ஹோஸை வெட்டி, என்னுடைய பழைய முனைகளிலேயே புதுக் காலர் வைத்து பிரஸ் பண்ணினார். உள்ளே ரப்பர் துகள் தங்காமல் காற்றடித்துக் கொடுத்தார். 1,450 ரூபாய்.

மாட்டும் வேலை பெரிதில்லை. பேஞ்சோ போல்ட்டின் (உள்ளே ஆயில் போகத் துளை உள்ள போல்ட்) காப்பர் வாஷர் இரண்டும், ரேக் முனையில் உள்ள ஓ-ரிங்கும் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும். நான் ஒரு வாஷரைப் பழையதையே போட்டேன், ஒரு வாரத்தில் அங்கே ஈரம் தெரிந்தது. மறுபடி எல்லாம் கழற்ற வேண்டியதாயிற்று. எக்ஸாஸ்ட் பக்கம் இருந்த பழைய வெப்பத் தடுப்பு உறையை மறக்காமல் புது ஹோஸுக்கு மாற்றினேன்.

அப்புறம் ஏர் எடுப்பது, அதாவது ஆயிலுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றுவது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இருபது தடவை மெதுவாகத் திருப்பினேன். டப்பாவில் குமிழி வந்துகொண்டே இருக்கும், ஆயில் இறங்க இறங்க ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் ஆயில் பாலாக நுரைத்துவிடும், அது அடங்க நேரமாகும். எந்த ஆயில் என்பதை டப்பா மூடியில் பார்த்து ஊற்றுங்கள். எனக்கு டெக்ஸ்ரான் 3. அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயில் கூடாது, உள்ளே உள்ள சீல்களை ஊத வைத்துக் கெடுத்துவிடும்.

இரண்டரை வருடம் ஆகிறது. பிரஷர் ஹோஸில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஒரே ஒரு குறை: ஐடிலில் ஒடிக்கும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் ஸ்டீயரிங் வரை வருகிறது. கம்பெனி ஹோஸ் கொஞ்சம் விரிந்து சுருங்கி பம்பின் துடிப்பை வாங்கிக்கொள்ளும்படி செய்யப்பட்டது, ரிக் ஹோஸ் விறைப்பானது. அமைதி முக்கியம் என்றால், கிடைக்கும் பட்சத்தில் ஒரிஜினலே வாங்குங்கள். எனக்கு இந்தச் சத்தம் பழகிவிட்டது.

பிரஷர் ஹோஸ் மாற்றி 14 மாதம் கழித்து, ஆயிலை டப்பாவுக்குத் திரும்பக் கொண்டுவரும் ரிட்டர்ன் ஹோஸும் வியர்க்க ஆரம்பித்தது. அதற்கும் அதே வயதுதானே, அன்றைக்கே சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். ஒரு கடையில் ரேடியேட்டர் ஹோஸை வெட்டிக் கொடுக்கப் பார்த்தார்கள். அது தண்ணீருக்கான ரப்பர், எண்ணெயில் ஊறி உப்பிவிடும் என்று சொல்லி, ஆயில் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கினேன். அதை மாற்றும்போதே ஆயிலையும் முழுதாக மாற்றினேன். நேற்று மூடியைத் திறந்து பார்த்தேன், இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.