மறதி நோயுள்ள அம்மாவுக்கு ஓர் இல்லம்: கோவைப் புறநகரில் நாங்கள் கண்டது

கோவைப் புறநகரில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில், மறதி நோயாளிகளுக்கென்று தனியாக இயங்கும் பிரிவில் அம்மாவைச் சேர்த்து ஓராண்டுக்கு மேலாகிறது. குறைகள் இருந்தும் அந்த இல்லத்தை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். அங்குள்ள தோட்டத்துக்காகவோ அறைகளின் வசதிக்காகவோ இதைச் சொல்லவில்லை. மாலை நான்கு மணிக்குமேல் அங்குள்ள உதவியாளர்கள் நடந்துகொள்ளும் விதத்துக்காகச் சொல்கிறேன்.

இந்நோய் கண்டவர்களில் பலருக்குப் பொழுது சாயும் வேளையில் பதற்றம் கூடும். எப்போதோ இறந்துபோன தாயைத் தேடுவார்கள், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுவார்கள். ஆகவே இல்லம் பார்க்கப் போகிறவர்கள், நிர்வாகத்தினர் வரச்சொல்லும் முற்பகல் நேரத்தோடு நின்றுவிடாமல், மாலையிலும் ஒருமுறை போய்ப் பார்ப்பது அவசியம். நாங்கள் வேண்டாமென்று விட்ட வேறோர் இல்லத்தில், ஐந்தரை மணிக்கே இரவு உணவை முடித்து எல்லோரையும் படுக்க வைத்திருந்தார்கள். இங்கோ இருட்டுவதற்கு முன்பே கூடத்து விளக்குகளை எல்லாம் போட்டுவிட்டு, முருங்கைக்கீரையை உருவவும் மல்லிகையைத் தொடுக்கவும் கொடுக்கிறார்கள். காலையில் சாப்பிட்டது நினைவில்லாத அம்மாவின் கைகள் இன்றும் பிசகாமல் பூத் தொடுக்கின்றன. அம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்று அழும்போது, “இதுதானே உங்க வீடு” என்று வாதாடாமல், “உங்க வீட்டுல மாடு இருந்துச்சாம்மா?” என்று கேட்டு, அந்தப் பேச்சிலேயே அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு வருகிறார் உதவியாளர். இதைப் பழகியவர்களால்தான் செய்ய முடியும்.

எங்கள் வீட்டுப் பேச்சுமொழி தெலுங்கு. நோய் முற்ற முற்ற, பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் பழகிய தமிழ் அம்மாவிடமிருந்து நழுவி, பிறந்த வீட்டுத் தெலுங்கு மட்டுமே மிஞ்சியது. வட மாநிலங்களிலிருந்து வந்து இத்தகைய இல்லங்களில் வேலை செய்யும் பிள்ளைகள் அக்கறையாகத்தான் உழைக்கிறார்கள். ஆனால் தாகம் என்று அம்மா சொல்வது அவர்களுக்குப் புரியாமல் போனால் அந்த அக்கறையால் பயனில்லை. இந்த இல்லம் சேர்க்கைப் படிவத்திலேயே வீட்டு மொழியைக் கேட்டு, பகலில் தெலுங்கு தெரிந்த ஒருவரை அம்மாவுக்கு ஒதுக்கியது. இரவில் அந்த வசதி இல்லை என்பது எனக்கு இன்னும் தீராத மனக்குறை. பகலில் ஐந்து பேருக்கு ஒருவர் என்றிருக்கும் உதவியாளர்கள், இரவில் பத்துப் பேருக்கு ஒருவர் என்று குறைந்துவிடுவதும் சரியல்ல.

மருந்து விஷயத்தில்தான் நான் மிகவும் கவனமாக இருந்தேன். மறதி நோயுள்ள முதியவர்களின் நடத்தையைக் கட்டுப்படுத்த மனநோய் மருந்துகளைத் தருவது அவர்களது இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இலேயே எச்சரித்திருக்கிறது. சில வேளைகளில் அவை தேவைப்படலாம். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு அவற்றை மாற்றாக்கக் கூடாது. இங்கே புதிய மாத்திரை எதையும் தொடங்குமுன் குடும்பத்தினரிடம் பேசி, காரணத்தையும் எப்போது நிறுத்துவது என்பதையும் பதிவேட்டில் எழுதுகிறார்கள். ஒருமுறை அம்மா திடீரென்று ஆளே அடையாளம் தெரியாமல் கூச்சலிட்டபோது, செவிலியர் தூக்க மருந்தை நாடாமல் முதலில் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீர்த் தொற்று இருந்தது. அதற்குச் சிகிச்சை அளித்ததும் அம்மா பழைய நிலைக்கு வந்துவிட்டார். முதியவர்களிடம் இத்தொற்று காய்ச்சல்கூட இல்லாமல் குழப்பமாக மட்டுமே வெளிப்படக்கூடும் என்பதை அறிந்த செவிலியர் இருப்பது பெரிய ஆறுதல்.

கட்டடத்தையும் யோசித்தே அமைத்திருக்கிறார்கள். நடைபாதை சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. கழிப்பறைக் கதவுக்கு மட்டும் பளிச்சென்ற மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். பள்ளம்போல் தோன்றி மிரட்டும் கறுப்பு மிதியடிகள் எங்குமே இல்லை. சாப்பாடு சுமார்தான். பெயர் எழுதிக் கொடுத்தும் துணிகள் மாறிப் போகின்றன. இருவர் தங்கும் அறைக்கு மாதம் 48,000 ரூபாய் வாங்குகிறார்கள். டயாப்பர், மருந்து, பிசியோதெரபி எல்லாம் தனிக் கணக்கு என்பதால் மேலும் எட்டு, பத்தாயிரம் ஆகிவிடுகிறது.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். உடல்நிலை மோசமானால் குறிப்பிட்ட நாட்களுக்குள் அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. இந்நோயிலோ உடல்நிலை மோசமாவது உறுதி. விழுங்க முடியாமல் போனாலும் படுத்த படுக்கையானாலும் வைத்துக்கொள்வார்களா என்று நாங்கள் எழுத்தில் கேட்டோம். படுக்கையானவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்வதாகவும், மூக்குக் குழாய்வழி உணவு தேவைப்படுபவர்களை மட்டும் வைத்துக்கொள்ள இயலாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே அந்த நிலையில் உள்ள பெற்றோருக்கு இடம் தேடுகிறவர்கள், மருத்துவமனையோடு இணைந்த இல்லத்தைப் பார்ப்பதே நல்லது.