வண்டி என்னுது, ஓடிபி அவருது

என் எலெக்ட்ரிக் பைக்குக்கு நான் பெட்ரோல் போடுவதில்லை. பிரான்ஸில் இருக்கிற ஒருத்தருடைய சிம் கார்டுக்கு ரீசார்ஜ் போடுகிறேன். விட்டால் அந்த நம்பர் செத்துவிடும். நம்பர் செத்தால் என் வண்டிக்குச் சர்வீஸ் கிடையாது. செகண்ட் ஹேண்டில் மின்வண்டி வாங்க நினைப்பவர்கள் பேட்டரியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள், இதை மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். 2025 தொடக்கத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் வண்டியை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் ஓனர் பிரான்ஸுக்குப் போய் செட்டில் ஆகிவிட்டார், இங்கே அவருடைய அம்மா மட்டும் இருக்கிறார். வண்டி போர்ட்டிகோவில் நின்று தூசி பிடித்துக் கிடந்தது.

லாஸ்பேட்டை என்பதே பாதித் தைரியம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறி, ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்த ஊர் புதுச்சேரி. வெள்ளம் புகுந்த ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் நின்ற வண்டி என்றால் சும்மா கொடுத்தாலும் யோசித்திருப்பேன். லாஸ்பேட்டை மேடு. இருந்தாலும் சீட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொரு கனெக்டராகப் பார்த்தேன். பின்னில் பச்சை பூத்திருந்தால் தண்ணீரோ உப்புக்காற்றோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். ஒன்றும் இல்லை.

இன்னொன்று, தயாரிப்பு மாதம். பேட்டரி பாதுகாப்புக்கான ஏஐஎஸ் 156 விதியின் கடுமையான இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் அமலுக்கு வந்தது. மின்வண்டிக்குத் தந்த ஃபேம் மானியத்தை ஒன்றிய அரசு பேட்டரி கொள்ளளவில் ஒரு கிலோவாட் ஹவருக்கு 15,000 ரூபாயிலிருந்து 10,000 ஆக வெட்டியது அதே வருடம் ஜூன் 1ல். என் வண்டி இந்த இரண்டுக்கும் நடுவில் தயாராகி, நடுவிலேயே விற்ற வண்டி. மானியம் முதல் ஓனருக்குப் போனது, எனக்கு அதில் பைசா இல்லை. ஆனால் விலை பேசும்போது "நீங்க குடுத்ததே இவ்வளவுதானேங்க" என்று சொல்லிக் குறைக்க முடிந்தது. பழைய வண்டி பார்ப்பவர்கள் ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஷோரூமில் கிடந்து லேட்டாக விற்ற வண்டிகளும் உண்டு.

பிறகு ஆர்டிஓ. புதுச்சேரிப் பதிவான பிஒய்-01 வண்டியைக் கடலூர்ப் பதிவான டிஎன்-31 ஆக்க வேண்டும். அங்கே படிவம் 28 போட்டு என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே 27, 29, 30 என்று காகிதம் காகிதமாக எழுதி, பிரான்ஸிலிருந்து கையெழுத்து வரவழைத்து, அலைந்தேன்தான். ஆனால் முடிந்தது. பச்சைத் தகட்டில் டிஎன்-31 என்று வெள்ளை எழுத்தில் மாட்டிவிட்டேன். ஆர்சி என் பெயரில், இன்ஷூரன்ஸ் என் பெயரில். சர்க்கார் ஒத்துக்கொண்டது, சர்வர் ஒத்துக்கொள்ளவில்லை.

வண்டியின் ஆப் முதல் ஓனருடைய மொபைல் நம்பரில் கட்டப்பட்டிருக்கிறது. சாவி போட்டால் வண்டி ஓடும், அதில் குறையில்லை. சாவி போட்டதும் திரையில் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பேட்டரியின் ஆரோக்கியம் பார்க்க, சாஃப்ட்வேர் அப்டேட் போட, சர்வீஸுக்கு விட்டால் ஜாப் கார்டு என்கிற வேலைச் சீட்டைத் திறக்க, எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகிறது. அந்த சிம் லாஸ்பேட்டை வீட்டில், அம்மாவின் பழைய பட்டன் போனில் இருக்கிறது.

போன வாரம் சார்ஜிங் தகராறு. பிளக் மாட்டினால் கொஞ்ச நேரம் ஏறி நின்றுவிடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் "ஓடிபி சொல்லுங்க சார்" என்றது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மெசேஜ் வந்திருக்கு தம்பி. இரு, கண்ணாடி எடுத்துட்டு வர்றேன்."

கண்ணாடி டிவி மேல் இல்லை. பூஜை அறையில் இருந்தது. அதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பச் சொன்னேன்.

"நாலு... ஏழு... ஏம்ப்பா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்கே?"

"நான்தாம்மா, வண்டி வாங்கினவன்."

"நீதான்னு தெரியுதுப்பா. பேங்க்ல போன தடவ ரொம்பச் சொன்னாங்க, அதான் கேட்டேன். அடுத்தது ஆறா எட்டான்னு தெரியல."

எட்டு. நான் ஆறு என்று சொல்லி, அதுவும் போய், மூன்றாவது ஓடிபியில்தான் ஜாப் கார்டு திறந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் தன் வேலையை முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். இந்த அம்மா மேல் எனக்குத் துளி கோபம் கிடையாது. போன் எடுக்காமல் விட்டாலே போதும், என் கதை கந்தல். ஒவ்வொரு தடவையும் எடுக்கிறார், வண்டி எப்படிப்பா ஓடுது என்று கேட்கிறார். கோபமெல்லாம், ஆப்பில் நம்பரை மாற்ற ஆர்சி காப்பி, ஆதார், விற்பனைக் கடிதம் எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு "ரிக்வெஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போயிருக்கு சார்" என்று அசையாமல் இருக்கிற கம்பெனிக்காரர்கள் மேல்தான். அரசாங்க ஆபீஸைத் திட்டியே பழகிய வாய் இது. ஆர்டிஓவைப் புகழ்ந்து எழுத வைத்துவிட்டார்கள் பாருங்கள்.

சரி, நியாயமும் சொல்ல வேண்டும். வேலை பார்த்த மெக்கானிக் பையன் தங்கம். சார்ஜிங் போர்ட்டில் ஒரு பின் உப்புக்காற்றில் கறுத்திருந்ததைக் காட்டினான். வாங்கும்போது சுத்தமாக இருந்த பின், கடலோரத்தில் தினமும் ஓட்டிய பிறகு வந்த வினை. போர்ட்டை மாற்றி, வாரண்டியில் போட்டு, பைசா வாங்கவில்லை. இனிமேல் மூடியைச் சரியாக அழுத்தி மூடச் சொன்னான்.

வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காலையில் ஆல்பேட்டை தாண்டி ரெட்டிச்சாவடி வரும்வரை காற்றுச் சத்தம் மட்டும்தான். முள்ளோடை எல்லையில் கடலூர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்பார்கள், புதுச்சேரியில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால். நானும் வருடக்கணக்கில் அந்த வரிசையில் நின்றவன். இப்போது நேராகப் போகும்போது உள்ளுக்குள் ஒரு திமிர் வருகிறது, மறைக்கவில்லை. அரியாங்குப்பம் நெரிசலில் கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துப்போன காலம் போய்விட்டது. தவளக்குப்பத்தில் மட்டும் ஹாரனில் விரலை வைத்தே ஓட்ட வேண்டும். சத்தம் கேட்காததால் ஜனங்கள் திரும்பிப் பார்க்காமலே குறுக்கே இறங்கிவிடுகிறார்கள்.

கம்பெனி சொன்ன தூரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் ஓடுகிறது. போய்வர ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், அதற்குத் தாராளம். வீட்டுக் கணக்கில்தான் ஒரு சிக்கல். முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட் ஆகிறது. கோடையில் ஏசியும் சேர்ந்தால் இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். ஏப்ரல் வந்தால் என் மனைவி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறாள். ஏசியை நிறுத்துவதா, பைக்கை நிறுத்துவதா என்று ஒரு பட்டிமன்றமே நடக்கும்.

பேட்டரி பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இன்றைக்கும் நூறு சதவீதத்திலிருந்து இருபது வரை சீராக இறங்குகிறது.

சர்வீஸ் சென்டரிலிருந்து வீட்டுக்கு வந்த சூட்டில் இருக்கும்போதுதான் நெல்லிக்குப்பத்திலிருந்து மச்சான் போன். வில்லியனூரில் ஒரு பழைய எலெக்ட்ரிக் பைக் வந்திருக்கிறதாம்.

"வாங்கலாமா மாமா?"

"வாங்காதே" என்றேன். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை பெட்ரோல் பைக்குக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆகிவிட்டது, மின்வண்டி பழைய 5லேயே இருக்கிறது, முன்பிருந்த விலை வித்தியாசம் இப்போது இல்லை, பேசாமல் புது பெட்ரோல் வண்டி எடு, யாரிடமும் ஓடிபி கேட்க வேண்டாம் என்று அடுக்கினேன்.

"அப்ப உங்க வண்டிய எனக்குக் குடுத்துட்டு நீங்க பெட்ரோல் வண்டி எடுங்க மாமா."

அது நடக்காது என்றேன். பிறகு, எப்படியும் அவன் வாங்கத்தான் போகிறான் என்று தெரிந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். விற்பவரையே கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போ. அவருடைய போன் அவர் கையில் இருக்கட்டும். ஆப்பில் உன் நம்பர் ஏறிய பிறகு மீதிப் பணம், அதுவரை பத்தாயிரத்தைப் பிடித்து வை. முகம் கோணினால் கோணட்டும். வண்டியை வெள்ளிக்கிழமை ராத்திரி நூறு வரை சார்ஜ் போட்டு வைக்கச் சொல். சனிக்கிழமை நானும் வருகிறேன், இருபதுக்கு இறங்கும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு மத்தியானம் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்.