ஸ்ரீநகரில் பஷ்மினா வாங்கப் போகிறீர்களா? மோதிரத்தைக் காட்டினால் நம்பாதீர்கள்

போன மாதம் ஸ்ரீநகரில் அம்மாவுக்காக ஒரு பஷ்மினா சால்வை, அதாவது வெள்ளாட்டின் மென்முடியில் நெய்தது, என்று நம்பி ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி, சால்வையின் ஒரு முனையை அதற்குள் விட்டு இழுத்தார். வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்துவிட்டது. "அசல் பஷ்மினா, அதனால்தான்" என்றார். 6,500 ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அம்மா போர்த்திப் பார்த்துவிட்டு, "சில்லென்று இருக்கிறதே, கம்பளி மாதிரி சூடே ஏறவில்லை" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குஞ்சத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினேன். அசல் பஷ்மினா என்றால் முடி கருகும் நாற்றம் வரவேண்டும். வந்தது காகிதம் எரியும் வாசனை. அது விஸ்கோஸ், மரக்கூழிலிருந்து செய்யும் செயற்கை இழை. மெல்லிய விஸ்கோஸ் துணியும் மோதிரத்துக்குள் தாராளமாக நுழையும். முடி நாற்றம் வந்தாலும் நிம்மதி அடைய முடியாது, சாதாரண செம்மறி ஆட்டுக் கம்பளியும் அப்படித்தான் நாறும்.

அசல் பஷ்மினா எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் அந்த விலைக்கே சந்தேகப்பட்டிருப்பேன். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலம் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே சாங்பா மக்கள் மேய்க்கும் வெள்ளாடுகளுக்குக் கடுங்குளிரில் வெளிமுடிக்கு அடியில் பூப்போல ஒரு முடி வளரும். குளிர் விட்டதும் அது தானாக உதிரத் தொடங்கும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டிடம் வருடத்துக்குச் சில நூறு கிராம்கூடத் தேறாது. அதிலும் முரட்டு முடியை நீக்கினால் மிஞ்சுவது இன்னும் குறைவு. அதன் தடிமன் 12 முதல் 16 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நம் தலைமுடியில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு மெல்லிய இழை ஆலை இயந்திரத்தின் இழுப்பைத் தாங்காது. அதனால் காஷ்மீரில் பெண்கள் வீட்டில் ராட்டையில் கையால் நூற்கிறார்கள். ஆலையில் நூற்பவர்கள் பலர் நைலானைக் கலந்து நூற்று, பிறகு அமிலத்தில் அந்த நைலானைக் கரைக்கிறார்கள். அந்த அமிலம் பஷ்மினாவின் வலுவையும் சேர்த்தே தின்றுவிடும்.

சரி, வாங்கும்போது என்ன செய்யலாம்? சால்வையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கைநூல் அங்கங்கே சற்றுத் தடித்தும் மெலிந்தும் ஓடும். என்னுடையது அச்சடித்ததுபோல் ஒரே சீராக இருந்தது, அதையே அழகு என்று நினைத்துவிட்டேன். ஆனால் கண்பார்வை முடிவான சோதனை ஆகாது. காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசுப் பதிவு, இருக்கிறது. கையால் நூற்று, கையால் நெய்த, கலப்பில்லாத, 16 மைக்ரானுக்கு மிகாத இழைக்குத்தான் அதற்கான முத்திரை. ஸ்ரீநகர் கைவினை மேம்பாட்டு நிறுவனத்தின் பரிசோதனை மையத்தில் சோதித்த பிறகே அதை ஒட்டுகிறார்கள். அந்த முத்திரையைக் கேளுங்கள்.

அப்புறம் ரசீது. "100 சதவீதம் பஷ்மினா, கைநூல், கைத்தறி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். நான் போன் செய்து கேட்டபோது, "பில்லில் என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்" என்றார் கடைக்காரர். எடுத்துப் பார்த்தேன். "சால்வை – 1" என்று மட்டும் இருந்தது.