வாலில்லாத லெமூருக்கு 48,500 ரூபாய் கொடுத்தேன்: புத்தகம் போட நினைக்கும் எல்லோரும் படியுங்கள்

நேற்று மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் இரண்டு அட்டைப்பெட்டிகள் கிடந்தன. பிரித்துப் பார்த்த நேரத்திலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இரவு முழுக்கத் தூங்கவும் இல்லை. விடிந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன். 48,500 ரூபாய். மாதாமாதம் சம்பளத்தில் எடுத்து வைத்து இரண்டு வருடத்தில் சேர்த்த பணம்.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மதிய உணவுக்குப் பிறகு தூக்கம் வராமல் இருக்க ஒரு கடற்கொள்ளையன் கதையைச் சொல்லத் தொடங்கினேன். கேப்டன் மூக்கையன். பெயருக்கேற்ற மூக்கு. கப்பலில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவன். குடிதண்ணீர் பிடிக்க மடகாஸ்கரின் தென்கரையில் இறங்கும்போது அவன் தொப்பிக்குள் ஒரு வளையவால் லெமூர், குரங்கு போன்ற ஒரு விலங்கு, ஏறிப் படுத்துக்கொள்கிறது. அதற்கு ஜாதிக்காய் என்று பெயர் வைத்தது என் வகுப்புப் பிள்ளைகள்தான்.

இந்த வகை லெமூர்களில் ஆண்கள் சண்டை போடும் விதமே தனி. மணிக்கட்டுச் சுரப்பியின் வாடையை வாலில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, அந்த வாலை எதிரியின் முகத்துக்கு நேரே ஆட்டும். தாங்க முடியாதது பின்வாங்கும். நான் கட்டிவிட்டதல்ல, உண்மையாகவே அவை அப்படித்தான் செய்கின்றன. என் கதையின் உச்சக்கட்டமும் அதுதான். எதிரிக் கப்பல் நெருங்கும்போது ஜாதிக்காய் பாய்மரத்தின் உச்சியில் நின்று வாலை ஆட்டுகிறது. வாடை காற்றோடு போகிறது. அந்தப் பக்கத்துக் கொள்ளையர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகக் கடலில் குதிக்கிறார்கள். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. பிள்ளைகள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்த வால்தான் கதை. அதை எடுத்துவிட்டால் ஒன்றுமே இல்லை.

செப்டம்பரில் சமூக ஊடகத்தில், எழுத்தாளரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போட்டுக் கொடுக்கும் ஒரு சுயபதிப்பு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்து, கதைச் சுருக்கத்தையும் முழுப் பிரதியையும் அனுப்பினேன். இரண்டாம் நாள் ஒரு பெண் அழைத்தார். ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொன்னார். "அக்கா, நேற்று ராத்திரி என் மகளுக்கு உங்கள் கதையைத்தான் படித்துக் காட்டினேன். வால் ஆட்டுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு முறை படி என்கிறாள்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் வகுப்புக்கு வெளியே ஒரு குழந்தை சிரித்திருக்கிறது! அன்று மாலையே ஒரு பென்சில் ஓவியமும் வந்தது. பாய்மரக் கயிற்றில் தொங்கும் ஜாதிக்காய், கருப்பும் வெள்ளையுமாக வளையங்கள், கேள்விக்குறி போல வளைந்த வால். அதைப் பார்த்த பத்தாவது நிமிடம் 30,000 ரூபாய் அனுப்பினேன்.

வால் ஆட்டும் காட்சி நான் அனுப்பிய சுருக்கத்தின் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. முழுப் பிரதியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது.

பேச்சு என்னவென்றால், 48 பக்கம், முழுவதும் வண்ணம், 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள் (வழுவழுப்பான கனத்த தாள்), 300 பிரதிகள், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னால் கையில் கிடைக்கும். நவம்பரில் மீதி 18,500 கேட்டார்கள். அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு மட்டும் 3,000. கொடுத்தேன். மொத்தம் 48,500.

அதற்குப் பிறகு அக்கா மேடம் ஆனேன். "மேடம், ஓவியருக்குக் காய்ச்சல்." "மேடம், அச்சகத்தில் இயந்திரம் பழுது." புத்தகக் காட்சி தொடங்கிய அன்று, "மேடம், பொங்கல் விடுமுறை முடியட்டும்." காட்சியே முடிந்துவிட்டது. அரங்கில் ஜாதிக்காயைப் பார்க்கலாம் என்று நான் சொல்லியிருந்ததை நம்பி, என் மாணவன் ஒருவன் அவன் அப்பாவோடு நந்தனம் வரை போய்த் தேடிவிட்டு வந்தான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்தப் பெண்ணின் எண்ணுக்கு அழைத்தால் வேறொருவர் எடுத்தார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். "உங்கள் கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார். ஒருவரும் திரும்ப அழைக்கவில்லை.

நேற்று வந்தவை 60 பிரதிகள். 300 அல்ல, 60. தாள் நகல் எடுக்கும் கடைத் தாள். பக்கத்தைப் புரட்டினால் பின்பக்கத்துப் படம் தெரிகிறது. படங்களை ஓவியர் வரையவில்லை; எழுதிப்போட்டால் படம் தரும் ஏதோ ஒரு செயலியில் எடுத்திருக்கிறார்கள். 5ஆம் பக்கத்தில் ஜாதிக்காய் ஒரு கருங்குரங்கு. 12ஆம் பக்கத்தில் பூனை. 31ஆம் பக்கம், அந்த உச்சக்கட்டம், ஏதோ ஒரு பழுப்பு மிருகம் பாய்மரத்தில் நிற்கிறது. அதற்கு வாலே இல்லை. "ஜாதிக்காய் வாலை ஓங்கி ஆட்டியது" என்ற என் வரி அதற்கு நேர் கீழே அச்சாகியிருக்கிறது.

பின்னுரையில் பிள்ளைகளுக்காக உண்மையான கடற்கொள்ளையர்கள் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஔரங்கசீப்பின் கஞ்ச்-இ-சவாய் கப்பலை ஹென்றி எவரி கொள்ளையடித்தது 1695இல். புத்தகத்தில் 1965! சிறு பிள்ளைகள் கையில் கொடுக்கும் புத்தகத்தில் அச்சுக்கு முன் ஒருவர்கூட மெய்ப்பு பார்க்கவில்லை. எனக்கும் அனுப்பவில்லை.

பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை இணையத்தில் தேடினேன். ஒரு சமையல் புத்தகம் வருகிறது. 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வேறொருவரின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். இன்னும் கேளுங்கள். நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் எண்ணை அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே கொடுக்கிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எனக்கு இதைச் சொன்னது எங்கள் பள்ளி நூலகர், நேற்று இரவு ஒன்பது மணிக்கு.

உடனே அவர்களுக்கு எழுதினேன். "ஒப்பந்தத்தில் படத்தின் தரம் பற்றி எதுவும் இல்லை. மறு அச்சுக்கு 22,000 செலுத்தினால் பரிசீலிப்போம்" என்று ஒரு பதில். அதோடு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். 48,500 வாங்கியவர்கள் இன்னும் 22,000 கேட்கிறார்கள்!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, கையும் ஓடவில்லை. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாராவது பணம் கேட்டால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள். எல்லாப் படங்களையும், அச்சுக்குப் போகும் கோப்பையும் கண்ணால் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் முன்பு போட்ட புத்தகம் ஒன்றைக் கையில் வாங்கித் தாளைத் தொட்டுப் பாருங்கள். பிரதிகளின் எண்ணிக்கை, தாள், ஓவியரின் பெயர் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பேச்சை நம்பாதீர்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நான் சனிக்கிழமை மனுவோடு போகிறேன்.

வாட்ஸ்அப் உரையாடல்களை உடனே படம் பிடித்து வையுங்கள். இன்று காலை பார்த்தால் அந்தப் பென்சில் ஓவியத்தை அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னிடம் இருக்கிறது. அதை வரைந்த கை யாருடையது என்று அறிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அவரிடமிருந்தும் திருடித்தான் எனக்கு அனுப்பியிருப்பார்கள்.