பைக் பெயின்ட்டரிடம் மாடல் டேங்க்கைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் 1/35 அளவு ராணுவ டேங்க் மாடல் சேர்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எல்லையோரத்தில் பைக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் ஏர்பிரஷ் அடிக்கும் ஒருவர், பழைய மாடல்களுக்கு ரீபெயின்ட்டும் வெதரிங்கும் (தூசி, துரு, சேறு ஏற்றிப் பழசாகக் காட்டுவது) செய்து தருவதாக வாட்ஸ்அப்பில் படம் போட்டு வேலை பிடிக்கிறார். படம் அள்ளுகிறது. கொழிஞ்சாம்பாறை நண்பர் ஒருவரின் சென்சூரியன் டேங்க் மாடல் அவரிடம் போய்த் திரும்பிய கோலத்தைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பேசியது 6,500 ரூபாய், முன்பணம் 4,000.

மாடல் சாதாரணமானதல்ல. 1971 இந்திய-பாகிஸ்தான் போரின் பசந்தர் சண்டையில், டிசம்பர் 16 அன்று, இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் கடைசிவரை நின்று சண்டையிட்ட ‘ஃபமகுஸ்டா’ டேங்க்காகச் செய்தது. பெயரும் குறிகளும் டீக்காலாக (மெல்லிய ஒட்டுப்படமாக) ஒட்டியிருந்தன. இந்திய டேங்க்குகளுக்கான டீக்கால் நினைத்தபோது கிடைக்கிற பொருள் இல்லை. கேட்ட வேலையும் சின்னதுதான்: டீக்காலைத் தொடாமல் மங்கிய பச்சையைச் சரிசெய்து, லேசாகத் தூசி ஏற்ற வேண்டும். அவ்வளவே.

முதல் கோளாறு பிரைமரிலேயே. கார் டிங்கரிங் கடையில் புழங்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பிரைமரை என்.சி. தின்னரில் கலந்து, பைக்கின் பெட்ரோல் டேங்க்குக்கு அடிப்பதுபோல் ஈரம் சொட்டச் சொட்ட அடித்திருக்கிறார். இரும்புக்கு அது சரி. மாடல் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். அந்தத் தின்னர் அதைக் கரைக்கும். லேக்கர் (இப்படிக் கடுமையான தின்னரில் கரையும் பெயின்ட்) அடிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. மாடலுக்கென்றே வரும் லேக்கரை மெல்லிய தூறலாக அடித்தால், பிளாஸ்டிக்கைக் கடிக்கும் முன்பே தின்னர் ஆவியாகிவிடும். ஈரமாக நின்றால்தான் வினை. இங்கே பின்பக்க மட்கார்டின் ஓரம் இளகி வளைந்து, அதில் ஒரு பெருவிரல் ரேகை அப்படியே பதிந்து இறுகியிருக்கிறது.

கனம் இன்னொரு தொல்லை. 1/35இல் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் 3.5 சென்டிமீட்டர். பட்டியும் பிரைமரும் சேர்ந்து 0.3 மில்லிமீட்டர் ஏறினாலே நிஜ டேங்க்கின் மேல் ஒரு சென்டிமீட்டர் பூசியதற்குச் சமம். சென்சூரியனின் டரட் (பீரங்கி பொருத்திய மேல்கூடு) வார்ப்பு எஃகு, உடல் தகடு வெல்டிங். வார்ப்பின் சொரசொரப்பும் வெல்டிங் தடமும்தான் அந்த மாடலின் உயிர். இரண்டும் மூடிப்போய், இப்போது சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று இருக்கிறது. டீக்கால் எல்லாம் இதற்கு அடியில் போய்விட்டது. டீக்காலை மூடிக் காக்கும் மாஸ்கிங் போடவே இல்லை.

அடுத்தது வாஷ், அதாவது இடுக்குகளை எடுத்துக்காட்ட ஓடவிடும் நீர்த்த கரும்பெயின்ட். எனாமல் வாஷ் போடுவதற்கு முன் அக்ரிலிக் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். அந்த வழவழப்பில்தான் வாஷ் தானாக இடுக்குகளில் ஓடி ரிவெட்டைச் சுற்றி நிற்கும். அடியில் இருக்கும் பெயின்ட்டும் தப்பிக்கும். இவர் நேராக டர்பென்டைனில் கலந்த கறுப்பை வண்டி முழுக்கக் குளிப்பாட்டியிருக்கிறார். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயின், தனித்தனிக் கண்ணியாகக் கோத்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் வகை. டர்பென்டைனும் ஒயிட் ஸ்பிரிட்டும் ஏபிஎஸ்ஸுக்கு ஆகவே ஆகாது. ஊறிய இடத்தில், அதுவும் இழுவையில் இருக்கும் பாகம் என்றால், விரிசல் விட்டு நொறுங்கும். படம் எடுக்கும்போது முழுசாக இருந்த செயின், வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தபோது பொலபொலவென்று உதிர்ந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஆக்சில் ஒன்றும் அதே காரணத்தால் முறிந்திருக்கிறது.

அவர் ஏற்றிய துருவைப் பற்றிக் கேட்டதற்கு அவரிடமிருந்து வந்த பதில்: “ஏனுங்ணா, சண்டைக்குப் போன வண்டின்னா துரு இல்லாம இருக்குமுங்களா?”

இருக்கும், ஆனால் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். புகைக்குழாயில் உண்டு, ஏனென்றால் சூட்டில் பெயின்ட் எரிந்துபோகும். செயினில் உண்டு; சென்சூரியனின் செயின் மாங்கனீசு எஃகு வார்ப்பு, மேலே பழுப்பாகவும் தரையில் உரசும் மேடு மட்டும் பளபளப்பாகவும் இருக்கும். மற்ற இடங்களில் சிப்பிங் (பெயின்ட் உதிர்ந்த தடம்) என்பது கரும்பழுப்பில், ஆள் ஏறி இறங்கும் விளிம்பிலும் ஹாட்ச் மூடியின் ஓரத்திலும் ஊசிமுனை அளவுக்கு வைப்பது. இவரோ ஸ்பாஞ்சில் வெள்ளி பெயின்ட்டைத் தொட்டு எல்லா இடத்திலும் ஒற்றிவிட்டார். மூன்று மில்லிமீட்டர் சிப் என்றால் நிஜத்தில் ஒரு சாண் அகலத்தில் பாதி. பீரங்கி அடிவாரத்தை மூடும் துணி உறையிலும் வெள்ளிச் சிப்! கேன்வாஸுக்குள் எந்த இரும்பு தெரியும்? சக்கரத்தின் ரப்பர் டயருக்கும் துரு ஏற்றியிருக்கிறார்.

சேறு செம்மண் நிறம். நம்மூர்ச் செம்மண்ணுக்குப் பொருத்தமாக இருக்கலாம். பசந்தர் ஆறு ஓடுவது பாகிஸ்தான் பஞ்சாபின் ஷகர்கர் சமவெளியில். அங்கே வண்டல் மண், சாம்பல் கலந்த பழுப்பு. அந்த நிறத்தில் பிக்மென்ட் பொடியை உலர்ந்த பிரஷ்ஷில் வைத்து, ஓரத்தில் ஒரு சொட்டு ஒயிட் ஸ்பிரிட் விட்டால் பரவி ஒட்டிக்கொள்ளும்; பிடிக்காவிட்டால் அதே ஸ்பிரிட்டில் துடைத்தும் எடுத்துவிடலாம். இங்கே சுவருக்குப் பூசும் சிமென்ட் புட்டியும் ஃபெவிகாலும் சாயப்பொடியும். காய்ந்தபின் சிமென்ட் புட்டி தண்ணீருக்கு மசியாது. குச்சியால் நெம்பினால் பெயின்ட்டோடு சேர்ந்து வருகிறது.

கடைசியில் பளபளப்பை அடக்கும் மேட் கோட். பாலக்காட்டுக் கணவாய் வழியே மழைக்காற்று வீசும் ஜூலையில், கதவைத் திறந்துவைத்து ஸ்ப்ரே கேனில் அடித்திருக்கிறார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். “அது தூசி எஃபெக்டுங்க” என்று சமாளித்திருக்கிறார். இது ஒன்றுதான் சரிசெய்யக்கூடியது: வெயில் நாளில் மெல்லிய கிளாஸ் அடித்து, காய்ந்தபின் மறுபடி மேட் அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மற்றதை உரித்தெடுக்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அடியில் டாமியா அக்ரிலிக் மட்டும் இருந்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துக் கழற்றலாம். இறுகிய கார் பெயின்ட் அதற்கு அசையாது. அதை அசைக்கும் தின்னர் பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கரைக்கும். ஆகவே டீக்கால் போனது போனதுதான். மீதிப் பணம் 2,500 கேட்டு இப்போதும் வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டிருக்கிறது. முன்பணம் திரும்பி வரும் அறிகுறியே இல்லை.

அவருடைய படங்களை மறுபடி பார்த்தால் எல்லாம் ஒரே கோணம், நேர்மேலே விளக்கு, கீழ்ப்பாதி முழுக்கச் சேறு. சேறு தப்பை மறைக்க நல்ல போர்வை. யாரிடம் கொடுப்பதானாலும் சேறு பூசுவதற்கு முன், கிளாஸ் கோட் முடிந்த நிலையில் ஒரு படம் கேளுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து எடுத்ததாக இருக்கட்டும். வெல்டிங் தடம் தெரிகிறதா என்று அதில் புரிந்துவிடும். எந்தப் பெயின்ட், எதில் கரைக்கிறீர்கள், வாஷுக்கு முன் என்ன வார்னிஷ் என்று மூன்று கேள்வி போதும். மாடல் வேலை தெரிந்தவர் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், அக்ரிலிக் என்றால் தின்னர் சரிபாதி என்று யோசிக்காமல் சொல்வார். “அதெல்லாம் நம்ம ஃபார்முலாங்க” என்றால் மாடலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் எல்லாக் கோட்டும் போட்டுக் காட்டச் சொல்வதும் தப்பில்லை.

வாங்கும்போது மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஸ்பிரிட் வாடை அடித்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு வாங்க வேண்டாம். காயாத எனாமல் மேல் பபிள் ராப் நேராகப் பட்டால் வட்டம் வட்டமாக அச்சு விழும். வண்டியின் அடித்தட்டில் துளையிட்டு ஒரு மரப்பலகையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, பலகையைப் பெட்டியில் ஒட்டிவிட்டால், மேலே எதுவும் தொடாமல் பஸ்ஸில் வாளையாறு தாண்டிக் கோவைவரை கொண்டுபோகலாம். பீரங்கிக் குழாயின் நுனிக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.